சோடா கம்பெனி மாடியில் நின்ற ஸ்வரம்

பெரம்பூரில் வரதராஜுலு நாயுடுவின் கோலி சோடா கம்பெனிக்கு மேலே, தகரக் கூரை போட்ட நீள ஹாலில், ஞாயிற்றுக்கிழமை தோறும் மதியம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை மட்டும் உயிரோடு இருந்த நீலக்குடை ஜாஸ் கிளப்பின் சரித்திரத்தை யாராவது எழுத உட்கார்ந்தால், முதலில் மழையைப் பற்றி எழுத வேண்டும், பிறகு குடையைப் பற்றி, பிறகு பிரம்பு வளையத்தைப் பற்றி, அதற்கப்புறம்தான் அந்தரத்தில் நின்ற ஸ்வரத்தைப் பற்றியும் அதன் கீழே பத்தொன்பது வருஷம் காத்திருந்த மரகதவல்லியைப் பற்றியும் எழுத வேண்டும். அவசரப்பட்டால் ஒன்றும் விளங்காது.

மழை நாற்பத்தொன்பதாம் வருஷம் பெய்தது. கிளப்பின் முதல் கச்சேரி அன்றுதான். தகரக் கூரையில் இருந்த ஒரே ஓட்டை, காரியதரிசியும் சிக்னல் இன்ஸ்பெக்டருமான கோதண்டபாணியின் பியானோவுக்கு நேர் மேலே அமைந்துவிட்டதால், அவர் மனைவியின் நீலக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் கச்சேரி நடந்தது. மழை விட்ட பிறகும் குடையை மடக்க யாருக்கும் மனசு வரவில்லை. மற்ற ஊர்களில் இந்தச் சங்கீதத்தை ராத்திரியில், விஸ்கியோடு வாசிப்பார்கள் என்று கேள்வி. இங்கே மதுவிலக்கு அமலில் இருந்தது. வாசித்தவர்களோ ரயில் பட்டறைக்காரர்கள், திங்கட்கிழமை விடிகாலைச் சங்குக்கு எழுந்திருக்க வேண்டியவர்கள். ஆகவே மதியமும் பன்னீர் சோடாவும் என்று ஏற்பாடாயிற்று. நாயுடுவுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: கச்சேரி நடக்கும்போது கீழே சோடா உடைப்பதானால் தாளத்தின் இரண்டாம் தட்டிலும் நாலாம் தட்டிலும்தான் உடைக்க வேண்டும். அவர் ஒரே மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டார்.

பிரம்பு வளையம் ரயில்வேயிலிருந்து வந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்து மோதிக்கொள்ளாமல் இருக்க, ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரிடம் ஒரு டோக்கன் வளையத்தைக் கொடுப்பார். அது யார் கையில் இருக்கிறதோ அந்த வண்டிக்கு மட்டும்தான் பாதை. ஜாஸில் ஆளுக்கு ஒரு முறை வரும், அந்த முறையில் அவர் மனம்போனபடி வாசிக்கலாம், மற்றவர்கள் பின்னால் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்ட கோதண்டபாணி, இது விபத்தில் முடியும் என்று கவலைப்பட்டு, பழைய டோக்கன் வளையம் ஒன்றைக் கொண்டுவந்து சட்டம் இயற்றிவிட்டார். தோளில் வளையம் மாட்டியிருப்பவருக்குத்தான் முறை. முடித்ததும் அவரே தம் கையால் அடுத்தவர் தோளில் மாட்ட வேண்டும். வளையம் இல்லாமல் முறை வாசிப்பவர் சிக்னலைத் தாண்டியவர் ஆவார். உலகத்தில் வேறு எந்த ஜாஸ் கிளப்பும் இப்படி ஒரு சட்டத்துக்குத் தலையாட்டியிருக்காது. இவர்கள் கைதட்டி வரவேற்றார்கள்.

அறுபத்தோராம் வருஷம் இந்தக் கிளப்பில் சேர்ந்த மரகதவல்லிக்கு அப்போது வயது இருபத்துநாலு. கல்யாண பேண்டில் க்ளாரினெட் வாசித்த எத்திராஜுலுவின் மகள். அப்பாவின் வாத்தியமும் அப்பாவின் மூச்சும் அவளுக்கு வந்திருந்தன. வேலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், ட்ரங்க் கால் பிரிவில். எட்டு மணி நேரம் காதில் குமிழை மாட்டிக்கொண்டு, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் காத்திருப்பவர்களிடம் “லைன்ல இருங்க” என்பாள். இணைப்புக் கிடைத்துப் பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில், கல்யாணப் பேச்சானாலும் சாவுச் செய்தியானாலும், “மூணு நிமிஷம் முடிஞ்சுதுங்க” என்று குறுக்கே வருவாள். கிளப்பில் முதல் பெண் அவள்தான். மூன்று மாதமாகப் பக்கவாத்தியமாகவே வாசித்துக்கொண்டிருந்தாள். வளையம் அவள் தோளுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. வரும் நாளுக்கென்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முறையைத் தயார் செய்துவைத்திருந்தாள், அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், ட்ரம்பெட் வாசித்த ரயில்வே கார்டு டென்சிலுக்குப் பிரிவு உபசாரக் கச்சேரி நடந்தது. அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார். மனைவியும் பிள்ளைகளும் முன்னதாகவே பம்பாய் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டென்சில் நாலு பத்து வண்டியைப் பெரம்பூரிலேயே பிடித்தால் போதும், ஸ்டேஷன் கூப்பிடு தூரம். பெட்டி படிக்கட்டிலேயே தயாராக இருந்தது. வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிழக்கு ஜன்னலுக்கும் மூன்றாவது ஃபேனுக்கும் நடுவே நின்று, அவர் வாசித்தார் பாருங்கள், நாயுடு கீழே கணக்குத் தவறி மூன்றாம் தட்டில் ஒரு சோடாவை உடைத்துவிட்டார். முறையின் கடைசி ஸ்வரத்தை டென்சில் நீளமாகப் பிடித்தார். பிடித்தபடியே ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்த மரகதத்தின் பக்கம் திரும்பி, ஒரு சிரிப்புச் சிரித்தார். எல்லோரும் பார்த்தார்கள். மரகதம் ரீடை நாக்கால் நனைத்துக்கொண்டு, தோளை லேசாக முன்னால் கொடுத்தாள்.

டென்சில் ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்தார், பெட்டியைத் தூக்கினார், படியிறங்கி ஓடிவிட்டார். வளையம் அவர் தோளிலேயே போய்விட்டது. முப்பது வருஷம் தோளில் எதையாவது மாட்டிக்கொண்டே திரிந்த மனுஷனுக்கு அது கனக்கவே இல்லை.

ஸ்வரம் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

மரியாதைக்காக இரண்டு சுற்று பக்கவாத்தியம் வாசித்துப் பார்த்தார்கள், அது ஓயவில்லை. கோதண்டபாணி எழுந்து போய், டென்சிலின் வாய் இருந்த உயரத்தில் கையை வைத்துப் பார்த்தார். சற்றே வெதுவெதுப்பாக இருந்தது, உள்ளுக்குள் ஒரு நடுக்கமும் இருந்தது.

“இருக்கு,” என்றார்.

கீழே இருந்து நாயுடு ஏறி வந்தார். “இன்னா சார், என் காஸ் சிலிண்டர்ல எங்கனா லீக்கா?”

“இல்ல நாயுடு. டென்சில் ஸ்வரத்தை விட்டுட்டுப் போயிட்டார்.”

“அப்போ என் சிலிண்டர்ல கோளாறு இல்லியே?” என்று உறுதிப்படுத்திக்கொண்டு, நாயுடு நிம்மதியாக இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு அவசரக் கூட்டம் கூடிற்று. ஒரு வாரமாக இரவும் பகலும் அதே இடத்தில் அதே ஸ்வரம். இது ஏன் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: வளையத்தை ஒப்படைக்காதவரை டென்சிலின் முறை முடியவில்லை, முறை முடியாதபோது ஸ்வரம் எப்படிப் போகும்? இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கோதண்டபாணி தீர்மானத்தை வாசித்தார்: பாதையில் வண்டி நிற்கிறது, டோக்கன் திரும்பி வரும்வரை வேறு யாரும் முறை வாசிக்கலாகாது, பக்கவாத்தியத்துக்குத் தடையில்லை, டோக்கன் வந்ததும் அடுத்த முறை செல்வி மரகதவல்லியுடையது. ஏகமனதாக நிறைவேறிற்று. மரகதமும் கையைத் தூக்கினாள்.

இப்படித்தான் ஒரு ஜாஸ் கிளப் பத்தொன்பது வருஷம் பக்கவாத்தியம் மட்டுமே வாசித்தது. அந்த ஸ்வரத்தோடு ஒத்துப்போகாத பாட்டுகளைக் கைவிட்டார்கள், ஒத்துப்போகிற பாட்டுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள், போதாதவற்றைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். பம்பாயிலிருந்து வந்த பெரிய பேண்டுக்காரர்கள் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நடுவில் ஆளே இல்லாமல் நாலாபுறமும் இப்படித் தாங்குகிறார்களே என்று வியந்து, ஆளுக்கு மூன்று பன்னீர் சோடா குடித்துவிட்டுப் போனார்கள். தெரு அதற்குச் ‘சின்ன டென்சில்’ என்று பெயர் வைத்தது. அழுகை அடங்காத குழந்தைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து சின்ன டென்சிலுக்குக் கீழே அரைமணி நேரம் படுக்கப் போட்டார்கள், ஒன்றுகூடத் தூங்காமல் போகவில்லை. முண்டகக்கண்ணி கோயில் நாதஸ்வரக்காரர் சம்பந்தம், காலையில் குளித்துத் திருநீறு பூசி, படியேறி வந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் ஒத்துக்குழலை அதன் சுதிக்குச் சேர்த்துக்கொண்டு போனார். பள்ளிக்கூட ஆர்மோனியம் அதற்குச் சேர்ந்தது, அதனால் பிரார்த்தனைப் பாட்டு சேர்ந்தது, அதனால் பிள்ளைகள் தெருவில் போட்ட கூச்சலும் சேர்ந்தது. கருவாட்டுக்காரி அஞ்சலை தன் குரலை அரைக்கட்டை ஏற்றிக்கொண்டாள். கொஞ்ச நாளில் புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அந்தச் சுதியிலேயே நடந்ததால், பக்கத்து வீட்டுக்காரர்கள் விலக்கிவிடாமல் நின்று கேட்டார்கள்.

மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். காதைச் சாய்த்துக் கேட்டார், தலையாட்டினார், அவர் கொண்டுவந்த படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லாததால் ‘இதர’ என்ற இடத்தில் ‘நீர்க்கசிவு, அபாயமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐப்பசி மழையில் சின்ன டென்சிலுக்குத் தொண்டை கட்டும். குள்ளமான நாயுடு ஸ்டூலில் ஏறித் தைலம் தடவிவிடுவார். ஒரு நாள் குடை தொங்கிய சுவர் ஆணி கழன்று விழ, கோதண்டபாணி கைமறதியாக நீலக் குடையைச் சின்ன டென்சில்மேலேயே மாட்டினார். அது விழாமல் நின்றது. அதிலிருந்து குடைக்கு அதுதான் இடம்.

மரகதம் மட்டும் இதிலெல்லாம் முழுசாகச் சந்தோஷப்படவில்லை. அவளுக்குத் தபால் இலாகாவில் ஒரு சாது மாப்பிள்ளை வாய்த்தார், இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன, இருவரும் சின்ன டென்சிலின் கீழேதான் தூங்கி வளர்ந்தார்கள். ஆனால் ஞாயிறு மூன்று மணிக்கு அவள் அதே ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து ரீடை நனைக்கும்போதெல்லாம், அந்தப் பழைய முறை தொண்டைக்குக் கீழே புரளும். வீட்டில் அதை நூறு தடவை மாற்றினாள், ஆயிரம் தடவை மெருகேற்றினாள். அறுபத்தெட்டில் பெங்களூர் ஹோட்டல் ஒன்றிலிருந்து, தினமும் வாசிக்கலாம், தினமும் முறை உண்டு, குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று அழைப்பு வந்தது. ஒரு வாரம் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். அவள் போன மறுநாள் டென்சில் வந்துவிட்டால்? வர இயலாது என்று பதில் போட்டாள்.

டென்சிலோ வருஷத்துக்கு ஒரு தபால் கார்டு போட்டுக்கொண்டிருந்தார். வளையம் பத்திரமாகச் சமையலறை ஆணியில் தொங்குகிறது, ஆனால் டோக்கனைத் தபாலில் அனுப்புவது விதிக்கு விரோதம், கையோடு கைதான் கொடுக்க வேண்டும், அடுத்த வருஷம் நிச்சயம் வருவேன். கோதண்டபாணி கார்டை வாசித்துவிட்டு, விதி தெரிந்த மனிதர் என்று மெச்சிக்கொள்வார். எக்ஸ்சேஞ்சில் ‘லைன்ல இருங்க’ என்பதை மரகதம் சில நாள் தனக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டாள்.

எண்பதாம் வருஷம் மார்கழியில் டென்சில் வந்தேவிட்டார்.

சோடா கம்பெனி வாசலில் தோரணம் கட்டினார்கள். அந்தத் தெருவில் பிறந்து சின்ன டென்சிலின் கீழே தூங்கியவர்கள் எல்லோரும், மீசை வைத்தவர்களும் தாலி கட்டிக்கொண்டவர்களுமாக, படிக்கட்டெல்லாம் நிரம்பி நின்றார்கள். மரகதம் மாம்பழக் கலர் பட்டு உடுத்தி, புது ரீட் போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழுக்கையும் பொய்ப்பல்லுமாக ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார், தோளில் பிரம்பு வளையம். மூன்றாவது ஃபேனருகே போய் நின்று வெகுநேரம் கேட்டார்.

“மை காட், கோதண்டம், நானா மேன் இவ்ளோ நல்லா ஊதுனேன்?”

“நீங்கதான். முறையை முடிச்சுக் கொடுங்க,” என்றார் கோதண்டபாணி.

டென்சில் வளையத்தைக் கழற்றினார். மரகதம் தோளை முன்னால் கொடுத்தாள். டென்சில் அவளைத் தாண்டிப் போய், ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கொதிகலன் பட்டறை ஸ்தனிஸ்லாஸின் தோளில் வளையத்தை மாட்டினார்.

“இன்னா டென்சிலு, எனக்கா?” என்றார் ஸ்தனிஸ்லாஸ். கொதிகலன் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போயிருந்தது, தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று பயந்தார்.

“உனக்குத்தான் மேன். ட்ரம்பெட் முடிஞ்சா ட்ரம்ஸ். வேற யாருக்கு?”

மரகதம் எழுந்தாள். “அன்னிக்கு என்னைப் பார்த்தீங்களே சார்.”

“உன்னையா? உன் பின்னாடி ஜன்னல்ல சிக்னல் எறங்குச்சு மா. நாலு பத்து வண்டிக்கு. அத்தத்தான் பாத்தேன்.”

“சிரிச்சீங்களே?”

“ட்ரம்பெட் ஊதறவன் மூஞ்சி அப்படித்தாம்மா இருக்கும்.”

முதலில் அவளுக்கு வெட்கம்தான் வந்தது. பட்டுப்புடவை உடுத்தி வந்ததற்கு வெட்கம், தோளை நீட்டியதற்கு வெட்கம், இத்தனை பேர் முன்னால் இரண்டு மகள்களும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்ற வெட்கம். அதன் பின்னாலேயே கோபம் வந்தது, பெங்களூர் கடிதத்தின் மேல், ஏகமனதாகத் தூக்கிய தன் கையின் மேல், எல்லாவற்றையும்விடப் போகாமலும் முடியாமலும் அங்கேயே நிற்கிற அந்த ஸ்வரத்தின் மேல். கோதண்டபாணி ஓடி வந்தார். “மரகதம், கொஞ்சம் பொறுமையா இரும்மா. பழைய தீர்மானத்தைவிட டோக்கன் பெரிசு, மாட்டினவருக்குத்தான் முறை. ஸ்தனிஸ்லாஸ் வாசிச்சு முடிச்சதும் நிச்சயம் உனக்குத்தான். நான் புதுத் தீர்மானம் போட்டுடறேன்.”

அவள் அவரைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷ வேலைப் பழக்கம். பிறகு நிமிர்ந்து, சின்ன டென்சிலைப் பார்த்து, எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அதே மரியாதையான குரலில் சொன்னாள்:

“மூணு நிமிஷம் முடிஞ்சுதுங்க.”

சொல்லிவிட்டு, வளையம் இல்லாத வெறும் தோளோடு, க்ளாரினெட்டை வாயில் வைத்தாள்.

அவள் எடுத்த முதல் ஸ்வரமே சின்ன டென்சில் நின்ற அதே ஸ்வரம். ஹாலில் இருந்த ரயில்வேக்காரர்கள் அத்தனை பேரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்கள். கோதண்டபாணி பியானோவுக்கு அடியில் புகுந்துவிட்டார். ஒரே பாதையில் டோக்கன் இல்லாமல் இரண்டாவது வண்டி வந்துவிட்டது, இனி என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் மோதவில்லை. இரண்டும் ஒரே பாதையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடின, கொஞ்சமும் இடித்துக்கொள்ளாமல் ஓடின, அது எப்படி என்று ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். பத்தொன்பது வருஷம் இம்மியும் அசையாத சின்ன டென்சில், வெகுநேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருப்பதுபோல முனகிக்கொண்டே அரை ஸ்வரம் இறங்கி, ஒரு ஸ்வரம் ஏறி, அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தது. அவள் தயார் செய்துவைத்திருந்த முறையை வாசிக்கவில்லை, அது ஞாபகத்துக்கே வரவில்லை. தூங்கிப்போன குழந்தைகளை வாசித்தாள், கருவாட்டு அஞ்சலையை வாசித்தாள், அப்பாவின் கல்யாண பேண்டு தெருமுனை திரும்புவதை வாசித்தாள், பம்பாய்க்கு லைன் கிடைக்காமலே வைத்துவிட்டுப் போனவர்களை வாசித்தாள், நாயுடு கீழே ஒவ்வொரு இரண்டாம் தட்டிலும் நாலாம் தட்டிலும் பாட்டில் பாட்டிலாக உடைத்துக்கொண்டே அழுதார். மூன்று நிமிஷம் முடிந்ததும் தனக்குத்தானே ஒரு மூன்று நிமிஷம் நீட்டித்துக்கொண்டாள். அதன் பிறகும் ஒரு மூன்று. ஒன்பது நிமிஷத்துக்கு மேல் யாருக்கும் கிடையாது என்பது எக்ஸ்சேஞ்ச் விதி, அந்த ஒரு விதியை மட்டும் அவள் மீறவில்லை.

கடைசி ஸ்வரத்தில் சின்ன டென்சில் இறங்கி வந்து க்ளாரினெட்டின் வாய்க்குள் நுழைந்தது. அவள் நிறுத்தினாள், அதுவும் நின்றது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஹாலில் மூன்றாவது ஃபேன் கிறீச்சிடுவது கேட்டது.

பிடிமானம் போன நீலக் குடை பொத்தென்று தரையில் விழுந்தது.

ஸ்தனிஸ்லாஸுக்கு அந்தச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. அதையே முதல் தட்டாக எடுத்துக்கொண்டு, தோளில் வளையம் ஆட, அவர் தன் முறையை ஆரம்பித்தார். கோதண்டபாணி பியானோவுக்கு அடியிலிருந்தபடியே கையை மேலே நீட்டிப் பக்கவாத்தியம் வாசித்தார். பொய்ப்பல் டென்சில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, “டேமிட், இதுக்காகத்தான் மா நான் அன்னிக்கு ஊரைவிட்டே போயிருக்கேன் போல!” என்று கத்தினார். அன்று ஆறு மணிக்கு, அறுபத்தோராம் வருஷம் தொடங்கிய பாட்டு முடிந்தது.

மறுநாள் காலை மரகதம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் நாதஸ்வரக்காரர் சம்பந்தம், திருநீறும் ஒத்துமாக நின்றார். அவருக்குப் பின்னால் ஆர்மோனியத்தோடு பள்ளிக்கூட வாத்தியார், அவருக்குப் பின்னால் கருவாட்டுக் கூடையோடு அஞ்சலை, அவளுக்குப் பின்னால் வீறிட்டு அழும் கைக்குழந்தைகளோடு ஏழெட்டுத் தாய்மார்கள்.

“தப்பா நெனைச்சுக்காதம்மா,” என்றார் சம்பந்தம். “நீ வாசிச்சது தேவாமிர்தம். ஆனா விடியக்காலையிலேர்ந்து ஊரே சுதியில்லாம கெடக்கு. இப்போ நாங்க எதுக்குச் சேர்க்கறது?”

மரகதம் கைப்பையைக் கீழே வைத்தாள். க்ளாரினெட்டை எடுத்து, ரீடை நாக்கால் நனைத்துக்கொண்டாள்.

“லைன்ல இருங்க,” என்றாள்.